மீட்டர் நின்றது, திரை ஆடியது: ஏற்காட்டு சோலார் பம்பில் வந்த வோல்டேஜ் அலைவு

பின்னணி

சேலம் சூரமங்கலம் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் சோலார் பம்ப் கன்ட்ரோலர்கள் செய்கிறோம். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளுக்கு மேல் போகாது. பட்டறை நடத்துபவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கியூட் வரைவதும் போர்டு சோதிப்பதும் என் வேலை. சாலிடரிங், வயரிங் எல்லாம் பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பியின் பொறுப்பு.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு 5 எச்பி பம்புக்கான கன்ட்ரோலர் ஒன்றை டிசம்பர் கடைசியில் பொருத்திக் கொடுத்தோம். 330 வாட் பேனல்கள் 15, எல்லாம் வரிசையாக இணைத்தவை. வெயிலில் மோட்டார் ஓடும்போது, பேனல்களின் வோல்டேஜ் வந்து சேரும் டிசி பஸ்ஸில் 560 வோல்ட் வாக்கில் இருக்கும். லோடு இல்லாமல் திறந்த நிலையில் 680 வரை ஏறும். கீழே ஓடையோரக் கிணற்றிலிருந்து மேலே பல்பர் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் இந்தத் தண்ணீர்தான் எல்லாமே. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலுரித்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் தள்ளினால் பழம் புளிக்கத் தொடங்கி, காப்பியின் தரம் இறங்கிவிடும்.

அந்தப் பெட்டியில் இரண்டு விஷயங்கள் புதியவை. முன்பெல்லாம் வோல்டேஜ் அளக்கும் பகுதியும் கன்ட்ரோலரும் ஒரே போர்டில் இருக்கும். இந்த மாடலில் பிரித்துவிட்டோம். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் சுவரில் உயரத்தில் இருக்கும். திரையும் பட்டன்களும் ஆள் நின்று பார்க்கும் உயரத்தில் தனிப் பெட்டியில் இருக்கும். நடுவில் 3 மீட்டர் ஷீல்டு கேபிள். எஸ்டேட் ஆட்கள் வெகுநாளாகக் கேட்ட வசதி இது.

இரண்டாவது, ஆப்-ஆம்ப், அதாவது சிறிய வோல்டேஜைப் பெருக்கும் சிப். வழக்கமாகப் போடுகிற 1 மெகாஹெர்ட்ஸ் வகை அந்த மாதம் கிடைக்கவில்லை. அதே ஐந்து கால் பேக்கேஜில், கால் வரிசையும் மாறாத 10 மெகாஹெர்ட்ஸ் வகை ஒன்று சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. வேகம் கூடியது என்றால் நல்லதுதானே என்று போட்டுவிட்டோம். ஒத்துக்கொண்டது நான்தான். அதனால் எழுதும் பொறுப்பும் என்னுடையது.

வோல்டேஜை அளக்கும் விதம்

இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. டிசி பஸ்ஸின் 560 வோல்ட் உயிரைக் கொல்லும் வோல்டேஜ். ஆள் கைவைக்கும் பட்டன்களும் திரையும் இருக்கும் பக்கத்துக்கு அது எந்த வழியிலும் வரக்கூடாது. அதே நேரம் அந்த வோல்டேஜ் எவ்வளவு என்பது கன்ட்ரோலருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் நடுவில் ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையர்; இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் அளவை மட்டும் கடத்தும் சிப்.

499 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆறு, கடைசியில் 7.5 கிலோ ஓம் ஒன்று. இந்த ஏணி பஸ் வோல்டேஜை 400-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. 560 வோல்ட் இருந்தால் 1.4 வோல்ட் கிடைக்கும். அது ஏஎம்சி1311 வகை ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையருக்குள் போகிறது. இந்தச் சிப் 0 முதல் 2 வோல்ட் வரை வாங்கும், பெருக்கம் ஒன்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்களில் வித்தியாச வோல்டேஜாகக் கொடுக்கும். இரண்டு கால்களும் 1.44 வோல்ட்டை நடுவாக வைத்து, ஒன்று ஏற மற்றது இறங்கும். உள்ளே 1.4 வோல்ட் கொடுத்தால் ஒரு காலில் 2.14, இன்னொன்றில் 0.74. இந்த வித்தியாசத்தை ஒற்றை வயராக மாற்றி, ஒன்றரை மடங்கு பெருக்கி, கன்ட்ரோலரின் ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதிக்கு) அனுப்புவது அந்த ஆப்-ஆம்ப். ஆக, ஆப்-ஆம்ப் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் ஆடினால் கன்ட்ரோலருக்கு அது பஸ்ஸில் கால் வோல்ட்டுக்கு மேல் ஆடியதாகத் தெரியும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் புகார்

ஜனவரி முதல் வாரத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் போன் செய்தார். "சார், காலையில ஆன் பண்ணினா ஓவர் வோல்டேஜ்னு காட்டி நிக்குதுங்க. ஏழரை எட்டுக்கு மூணு நாலு தடவை ரீசெட் பண்ணினாத்தான் ஓடுது. ஓடினாலும் குழாய்ல தண்ணி ஒரே சீரா விழல, குதிச்சுக் குதிச்சு விழுது."

இதில் இரண்டு அறிகுறிகள் இருந்தன. நாங்கள் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினோம். காரணம், அந்த முதல் பாதிக்கு எங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. குளிரில் சோலார் பேனலின் வோல்டேஜ் கூடும். ஒரு டிகிரி குறைந்தால் திறந்த நிலை வோல்டேஜ் ஏறக்குறைய 0.3 சதவீதம் ஏறும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்தான். ஏற்காடு 1,500 மீட்டர். ஜனவரி விடியலில் பேனல் நன்றாகக் குளிர்ந்திருக்கும். 680 என்பது 705 வரை போகலாம். டிரிப், அதாவது பெட்டி தானாக நிற்கும் எல்லை, வைத்திருந்தது 750-ல்.

705-க்கும் 750-க்கும் நடுவே 45 வோல்ட் இடைவெளி இருக்கிறதே என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மலைக் குளிர், பேனல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறது போல என்று விட்டுவிட்டோம். விளக்கம் பாதி உண்மை. அந்தப் பாதி எங்களைப் பத்து நாள் கட்டிப்போட்டது.

ஒரு பேனலைக் கழற்றிய முடிவு

என்ன செய்யலாம் என்று பேசியபோது இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, டிரிப்பை 800-க்கு ஏற்றிவிடுவது. போனிலேயே ரைட்டருக்குப் பட்டன் வரிசை சொன்னால் இரண்டு நிமிட வேலை. அண்ணன் ஒரேயடியாக வேண்டாம் என்றார். பஸ்ஸில் இருப்பது 400 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, வரிசையாக. மொத்தத் தாங்கும் அளவே 800. காவலுக்கு வைத்த எண்ணைச் சுவரின் உச்சிக்கே ஏற்றினால் அப்புறம் காவல் எதற்கு என்று கேட்டார். அந்த முடிவு சரியானது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது யோசனை, 15 பேனலில் ஒன்றை வரிசையிலிருந்து எடுத்துவிடுவது. குளிர்காலம் முடியும்வரை 14-ல் ஓடட்டும். எஸ்டேட் எலக்ட்ரீஷியன் அன்று மாலையே டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை) அணைத்துவிட்டு ஒரு பேனலைத் தாண்டி இணைத்துவிட்டார். மறுநாள் காலை டிரிப் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சரி, தீர்ந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

தீரவில்லை. அடையாளம் மட்டும் மறைந்தது. 14 பேனலில் வோல்டேஜ் குறைவு, மோட்டாரின் வேகமும் குறைவு. காலை 11 மணிக்குள் நிரம்ப வேண்டிய தொட்டி மதியம் ஒன்றரைக்குத்தான் நிரம்பியது. பறித்த பழம் மூட்டையாகப் பல்பர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்தது. ரைட்டர் மறுபடி கூப்பிட்டபோது குரலில் பொறுமை இல்லை; அதில் நியாயம் இருந்தது. "தண்ணி இன்னும் குதிச்சுத்தாங்க விழுது. அதை நான் முதல் நாளே சொன்னேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. முதல் நாளே சொல்லியிருந்தார்.

மலையில் கண்டது

மறுநாள் காலை வண்டியை எடுத்தேன். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எஸ்டேட்டை அடைந்தபோது பத்தரை ஆகிவிட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பேனல்களின்மீது வெயில் முழுசாக விழுந்திருந்தது. மேகம் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் ஏறி இறங்கியது. காதாலேயே கேட்கலாம்: ஊம்... ஊஉம்... ஊம்.

திரையில் டிசி வோல்டேஜ் 488, 510, 523, 497 என்று நிலையில்லாமல் அலைந்தது. விநாடிக்கு மூன்று நான்கு தடவை மாறியது. மேகம் வந்து போனால் இப்படி ஆடலாம். ஆனால் வானம் சுத்தமாக இருந்தது.

1,000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரைக் கிளிப் முனைகளோடு பஸ்ஸில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் ஐசொலேட்டரை அணைத்து, கெப்பாசிட்டர் வடியும்வரை காத்திருந்து, வடிந்ததை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். சோலாரில் இது இன்னும் முக்கியம். வெயில் இருக்கும்வரை பேனல் பக்கம் உயிரோடுதான் இருக்கும். மறுபடி ஆன் செய்து மோட்டார் ஓடத் தொடங்கியதும் மீட்டர் 505 காட்டியது. மோட்டாரின் வேகத்தோடு மெதுவாக 503, 506 என்று நகர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்திலேயே திரை 488-க்கும் 523-க்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்த அந்த நிமிடம் எல்லாம் தலைகீழானது. பஸ் ஆடவில்லை. அளவீடு ஆடுகிறது. ஆடும் அளவீட்டை நம்பிக் கன்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால்தான் குழாயில் தண்ணீர் குதிக்கிறது. காலையில் உண்மையில் 705 இருக்க, கன்ட்ரோலருக்கு நொடியின் ஒரு துளியில் 750-க்கு மேல் தெரிந்து டிரிப் ஆகியிருக்கிறது. மல்டிமீட்டரை முதல் புகாரன்றே எலக்ட்ரீஷியனிடம் மாட்டச் சொல்லியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

கையில் வோல்டேஜின் அலையை வரைந்து காட்டும், பேட்டரியில் ஓடும் சிறிய ஸ்கோப் இருந்தது. ஹை வோல்டேஜ் பக்கம் போகாமல், ஐசொலேஷனைத் தாண்டிய பக்கத்தில் மட்டும் ப்ரோபை வைத்தேன். ஆப்-ஆம்ப் வெளியீட்டுக் காலில் நேர்கோடு இருக்க வேண்டிய இடத்தில் தடித்த பட்டை. நேர அளவைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததும் அழகான சைன் அலை தெரிந்தது: உச்சிக்கு உச்சி 600 மில்லிவோல்ட், சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ். சோலார் பேனலும் மோட்டாரும் இன்வெர்ட்டர் ஸ்விட்சிங்கும் இந்த வேகத்தில் இப்படி ஒழுங்காக ஆடாது. சர்க்கியூட் தானே பாடிக்கொண்டிருந்தது.

திரையில் மெதுவாக அலைந்தது எப்படி என்ற கேள்வி எழும். கன்ட்ரோலர் விநாடிக்கு 10,000 தடவைதான் வோல்டேஜைப் பார்க்கிறது. விநாடிக்கு 18 லட்சம் தடவை ஆடுவதை அப்படி விட்டுவிட்டுப் பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றும் ஃபேன் மெதுவாகத் திரும்புவதுபோல் தெரியுமே, அதேபோல மெதுவான ஒரு போலி ஆட்டம் கிடைக்கும். திரையில் காட்டும் எண் பல அளவுகளின் சராசரி, அதனால் ஆட்டம் குறைவாகத் தெரிந்தது. டிரிப் முடிவெடுப்பது ஒற்றை அளவில். அங்கே முழு ஆட்டமும் போய்ச் சேர்ந்தது. ஏடிசி வாசலில் இருந்த 1 கிலோ ஓம், 100 பிக்கோஃபாரட் வடிகட்டி 600-ஐ 400 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் குறைத்தது. 400 மில்லிவோல்ட் என்றால் பஸ் கணக்கில் மேலே 53, கீழே 53 வோல்ட். 705-உடன் 53-ஐக் கூட்டினால் 758. புதிர் அங்கேயே அவிழ்ந்தது.

103 வைத்ததும் நடந்தது

ஆட்டத்தைக் கண்டதும் கை முதலில் தேடியது கெப்பாசிட்டரைத்தான். பட்டறைத் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணா, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு 103 போட்டுப் பாருங்கண்ணா, நாய்ஸ் போயிரும்" என்றான். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 103 என்பது 10 நானோஃபாரட் செராமிக். டூல் பையில் எப்போதும் கிடக்கும். பவரை நிறுத்திவிட்டு ஆப்-ஆம்ப் வெளியீட்டுக் காலிலேயே சாலிடர் வைத்தேன்.

ஆன் செய்ததும் நிலைமை மோசமானது. திரை 460-க்கும் 550-க்கும் குதித்தது. அரை நிமிடத்தில் லோ வோல்டேஜ் டிரிப். காலையில் ஓவர் வோல்டேஜ், இப்போது லோ வோல்டேஜ். பஸ்ஸில் மீட்டர் என்னவோ நிதானமாக இருந்தது. ரைட்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கோப்பைப் பார்த்தேன். ஆட்டம் ஒரு வோல்ட்டுக்குப் பெரிதாகியிருந்தது. வேகம் 1.8 மெகாஹெர்ட்ஸிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. இந்தத் தோல்வி எனக்குப் பெரிய உதவி. வெளியிலிருந்து வரும் நாய்ஸாக இருந்தால் கெப்பாசிட்டர் வைத்ததும் சிறுத்திருக்க வேண்டும். வேகம் மாறியிருக்கக் கூடாது. வெளியீட்டில் சுமையைக் கூட்டியதும் ஆட்டத்தின் வேகம் மாறுகிறது என்றால், ஆடுவது அந்த ஆப்-ஆம்பேதான்.

103-ஐ எடுத்துவிட்டேன். பழைய 1.8 மெகாஹெர்ட்ஸ் திரும்பியது. அப்புறம் 3 மீட்டர் கேபிளின் கனெக்டரைப் போர்டு பக்கம் உருவினேன். பட்டை மறைந்து நேர்கோடு நின்றது. செருகினேன், ஆடியது. உருவினேன், நின்றது. ஐந்தாறு தடவை செய்துபார்த்தேன்.

அங்கேயே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றியது. செய்யவில்லை. ஒரு பேனலைக் கழற்றி ஒப்பேற்றியதன் விலையை அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் பழைய மாடல் ஒற்றைப் போர்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதைப் பொருத்தி, 15-வது பேனலையும் திரும்ப இணைக்கச் சொல்லிவிட்டு, புதுப் போர்டையும் அந்தக் கேபிளையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரை மறுபடி உயரத்துக்குப் போய்விட்டது. எண்ணைப் பார்க்க ஸ்டூல் வேண்டும். தண்ணீர் மட்டும் சீராக விழுந்தது.

பட்டறை மேசையில்

சோதனைக்கு 560 வோல்ட் தேவையே இல்லை. ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையரின் வாசலில் வேண்டியது 1.4 வோல்ட். ரெசிஸ்டர் ஏணியைத் துண்டித்துவிட்டு பெஞ்ச் சப்ளையிலிருந்து 1.4 வோல்ட் கொடுத்தோம். ஹை வோல்டேஜ் ஒன்றுமில்லாமல், கை நடுங்காமல், கேபிளைச் செருகியதும் அதே 1.8 மெகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது. பிரச்சினையை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாகக் கழித்தோம். ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையரின் வாசலை ஷார்ட் செய்தோம், ஆட்டம் போகவில்லை. ஆக ஏணிக்கும் அதன் வடிகட்டிக்கும் சம்பந்தமில்லை. அண்ணனுக்குச் சந்தேகம் ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டர்மேல். ஹை வோல்டேஜ் பக்கத்துக்கு 5 வோல்ட் கொடுப்பது அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி; அதன் ஸ்விட்சிங் சத்தம் முன்பு வேறொரு போர்டில் எங்களைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏற்றிய நிக்கல் செல் நான்கை வரிசையாக வைத்து 5 வோல்ட்டுக்கு ஒட்டிக் கொடுத்தோம். பேட்டரியில் ஸ்விட்சிங் கிடையாது. ஆட்டம் அப்படியே இருந்தது. அண்ணன் தலையசைத்துவிட்டுத் தானே செல்களைக் கழற்றினார்.

ஏஎம்சி1311-இன் இரண்டு வெளியீட்டுக் கால்களையும் தனித்தனியாகப் பார்த்தோம். 2.14, 0.74. சில மில்லிவோல்ட் உதறலைத் தவிர இரண்டும் நிதானம். மலையிலிருந்து இறங்கும்போது என் மனதில் மீதி இருந்த சந்தேகம் இந்தச் சிப்மேல்தான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மீதி இருந்தது ஆப்-ஆம்பும் கேபிளும்.

கேபிளின் கெப்பாசிட்டன்ஸை எல்சிஆர் மீட்டரில் அளந்தோம். 390 பிக்கோஃபாரட், அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 130. வெறும் வயர் என்று நாம் நினைப்பது ஆப்-ஆம்பின் கண்ணுக்கு ஒரு கெப்பாசிட்டர். கேபிளுக்குப் பதிலாக 390 பிக்கோஃபாரட் செராமிக் ஒன்றை வைத்தோம். அதே ஆட்டம். கடைசியாக, பழைய இருப்பில் தேடி ஒரு 1 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்பை எடுத்துப் போட்டோம். கேபிள் இருந்தும் ஆடவில்லை. ஆக கேபிள் மட்டும் தனியாகக் குற்றவாளி கிடையாது, ஆப்-ஆம்ப் மட்டும் தனியாகவும் கிடையாது. இரண்டு மாற்றமும் ஒரே மாதத்தில் சேர்ந்ததுதான் வினை.

ப்ரோப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி ப்ரோபை 1 மடங்கில் வைத்துப் பார்த்தபோது, கேபிள் இல்லாமலேயே லேசாக ஆடுவதுபோல் தெரிந்தது. அந்த நிலையில் ப்ரோபே 100 பிக்கோஃபாரட் அளவுக்குச் சுமை. 10 மடங்குக்கு மாற்றினால் பத்துப் பதினைந்துதான், ஆட்டம் நின்றது. இந்த மாதிரி சர்க்கியூட்டில் எப்போதும் 10 மடங்கு, கிரவுண்ட் கிளிப் முடிந்தவரை குட்டை.

ஏன் ஆடியது

ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். மேலே தொட்டியருகே ஒருவர் நின்று "போதும்" என்று குரல் கொடுக்க, கீழே மோட்டார் அறையில் ஒருவர் வால்வைத் திருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குரல் உடனே கேட்டால் சிக்கல் இல்லை. குரல் போய்ச்சேரத் தாமதமானால் தொட்டி வழிந்த பிறகு மூடுவார். "தண்ணி இல்லை" என்பதும் தாமதமாகவே கேட்கும், காலியான பிறகு திறப்பார். இருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள்.

இங்கே தாமதம் இரண்டு இடத்தில் வந்தது. ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்குள்ளேயே நூற்றைம்பது ஓம் அளவில் ஒரு தடை ஒளிந்திருக்கிறது. அதுவும் கேபிளின் 390 பிக்கோஃபாரடும் சேர்ந்து 2.7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தாமதம். ஒன்றரை மடங்கு பெருக்கத்துக்காக ஆப்-ஆம்பைச் சுற்றி வைத்த 10 கிலோ, 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் ஆப்-ஆம்ப் உள்ளீட்டில் இருக்கும் சில பிக்கோஃபாரடும் சேர்ந்து 3 மெகாஹெர்ட்ஸ் தாண்டி இன்னொன்று. பழைய ஆப்-ஆம்ப் 400 கிலோஹெர்ட்ஸிலேயே திருத்துவதை நிறுத்திக்கொள்ளும். இந்தத் தாமதங்கள் அதன் எல்லைக்கு வெளியே. புதியது 4 மெகாஹெர்ட்ஸ் வரை திருத்தப் பார்க்கும். இரண்டு தாமதமும் நடுவில் வந்து விழுந்தன. 103 வைத்தபோது முதல் தாமதம் 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியது. அதனால்தான் ஆட்டமும் கீழே இறங்கிப் பெரிதானது. புதிய விஷயம் எதுவுமில்லை. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளின் ஆம்ப்ளிஃபையர்கள் இப்படித் தானாகப் பாடுவது எப்போது என்பதை அமெரிக்காவில் ஹாரி நைக்விஸ்ட் 1932-லேயே கணக்காக எழுதிவிட்டார். நானும் கல்லூரியில் அவர் பெயரிலான வரைபடத்தை வரைந்து மார்க் வாங்கியவன்தான்.

திருத்தம்

ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். ஃபீட்பேக், அதாவது ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் திரும்பிப் பார்க்கும் வழி, எடுப்பது ரெசிஸ்டருக்கு முன்னால். இதனால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ஆப்-ஆம்பை நேரடியாகப் பிடித்து இழுக்காது. 47 ஓம் வைத்தோம்; தொடர் ஆட்டம் நின்றது, ஆனால் உள்ளே வோல்டேஜைச் சட்டென்று மாற்றினால் மூன்று நான்கு தடவை அதிர்ந்து அடங்கியது. 100-ல் ஒரு சின்னத் துள்ளல். 220-ல் அதுவும் இல்லை. 220-ஐ வைத்துக்கொண்டோம். ஏடிசி எடுக்கும் கரன்ட் மிகச் சொற்பம், அதனால் அளவீட்டில் பிழை வரவில்லை.

15 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டுக்கும் இணையாக 100 பிக்கோஃபாரட் ஒவ்வொன்று. ஃபீட்பேக் பக்கம் மட்டும் வைத்து, கிரவுண்ட் பக்கம் விட்டுவிட்டால் இரண்டு கைகளும் சமமாக இருக்காது. பொதுவாக வரும் இரைச்சல் கழியாமல் உள்ளே வந்துவிடும். இரண்டிலும் வைக்க வேண்டும்.

ஏடிசி வாசலில் இருந்த 100 பிக்கோஃபாரடை எடுத்துவிட்டு, அங்கே 103 வைத்தோம். மலையில் எல்லாவற்றையும் கெடுத்த அதே 103. இப்போது அதற்கு முன்னால் 1 கிலோ ஓம் நிற்கிறது. ஆப்-ஆம்புக்கு அது இருப்பதே தெரியாது. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எது வந்தாலும் அமுக்கிவிடும். பேனல் வோல்டேஜ் அளக்க அந்த வேகம் தாராளம்.

பிறகு நடந்தது

திருத்திய போர்டை ஆறாம் நாள் கொண்டுபோய்ப் பொருத்தினோம். 15 பேனலோடு, திரை கீழே, 3 மீட்டர் கேபிளோடு. அடுத்த நாள் விடியலில் ரைட்டர் அனுப்பிய படத்தில் 702 என்று இருந்தது. டிரிப் இல்லை. பதினோரு மணிக்குத் தொட்டி நிரம்பிவிட்டதாகச் சொன்னார். அறுவடை முடியும்வரை ஒரு தடவைகூட ரீசெட் செய்யவில்லை.

அதே மாதம் செய்த மற்றப் போர்டுகளைத் தேடினோம். ஏற்காட்டுப் போர்டையும் சேர்த்து மொத்தம் ஒன்பது, இரண்டு அலமாரியிலேயே இருந்தன, ஆறு ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் போயிருந்தன. அங்கிருந்து ஒரு புகாரும் இல்லை. சமவெளிச் சூட்டில் பேனல் வோல்டேஜ் குறைவாகவே நிற்கும். 53 வோல்ட் ஆடினாலும் டிரிப் எல்லையைத் தொடாது. ஒவ்வொருவராகப் போன் செய்து "திரையில் வோல்டேஜ் ஆடுதுங்களா" என்று கேட்டோம். ஆறு பேரும் ஆடுது என்றார்கள். ஒருவர், "அது அப்படித்தான் காட்டும்னு நெனச்சேனுங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு வலித்தது. வாங்கியவர் குறையை இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அவரை நாங்கள் விட்டிருக்கிறோம்.

இனி வேறு மாதிரி செய்வது

மேசையில் 30 சென்டிமீட்டர் வயரில் சோதித்துவிட்டு 3 மீட்டர் கேபிளோடு அனுப்பியதுதான் மூலத் தவறு. இப்போது சோதனை மேசையிலேயே அதே கேபிள் சுருட்டி மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு போர்டுக்கும் உள்ளீட்டில் சட்டென்று வோல்டேஜை மாற்றி, வெளியீடு அதிராமல் நிற்கிறதா என்று ஸ்கோப்பில் பார்க்கிறோம். இரண்டு தடவைக்கு மேல் அதிர்ந்தால் போர்டு வெளியே போகாது. நிலையான 1.4 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரில் 2.1 வந்தால் போதும் என்று முன்பு விட்டது போதவே போதாது. ஆடிக்கொண்டிருந்த போர்டுகூட மல்டிமீட்டரில் 2.1 என்றே காட்டும், சராசரி அதுதானே.

ஒரு பாகம் கிடைக்காமல் வேறு போடும்போது, அந்த மாதம் வேறு எதையும் மாற்றுவதில்லை. கால் வரிசை ஒன்றானால் பாகம் ஒன்று என்று இனி எடுத்துக்கொள்ள மாட்டோம். வேகம் கூடிய ஆப்-ஆம்ப் வந்தால் புதிய டிசைனாகவே நினைத்துச் சோதிப்போம்.

புகார் வந்தால் முதல் கேள்வி: "திரையில் எவ்வளவு, மீட்டரில் எவ்வளவு?" இதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் பஸ் வோல்டேஜ் பார்க்க மூடியோடு கூடிய தனி டெஸ்ட் முனை வைக்கத் தொடங்கியிருக்கிறோம். போன் எடுப்பவர் சொல்பவரின் எல்லா வார்த்தையையும் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் என் நோட்டில் "ஓ.வி. டிரிப், காலை" என்று மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் குதித்தது அதில் இல்லை.

ஆத்தூர்ப் பக்கப் போர்டுகளில் நான்கு திரும்பிவிட்டன, திருத்தியும் அனுப்பிவிட்டோம். மீதி இரண்டு மரவள்ளிக் காட்டில் ஓடுகின்றன. கிழங்கு பிடுங்கி முடித்ததும் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கான மாற்றுப் போர்டுகள் கேபிளோடு சோதித்து, பெயர் ஒட்டி, அலமாரியில் இருக்கின்றன.